நீலகிரியில் பிறக்காத தைலம்

மார்கழி பிறந்துவிட்டால் எனக்குக் கன்னம் இரண்டும் கல்லைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி கனக்கும். குனிந்து செருப்பு மாட்ட முடியாது. டாக்டர் சைனஸ் என்பார். மேலூர்ப் பக்கத்தில் இருக்கும் எங்கள் அப்பத்தா அந்தச் சொல்லை ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. "அதெல்லாம் ஒண்ணுமில்லப்பா, தலையில நீர் கோத்திருக்கு. வேது பிடிச்சா இறங்கிரும்."

வேது என்றால் ஆவி. அண்டாவில் தண்ணீர் தளதளவென்று கொதித்ததும், வேலியில் ஒடித்த நொச்சிக் கொத்தைப் போட்டு, ஒரு கை மஞ்சள்தூளும் போட்டு இறக்கிவைப்பாள். கடைசியாக மாடக்குழியிலிருந்து சின்ன சீசா ஒன்று வரும். இரண்டே சொட்டு. நீலகிரித் தைலம். போர்வைக்குள் முதல் மூச்சு இழுத்ததும் கண்ணில் தண்ணீர் கொட்டும், மூக்கு ஒழுகும். வெளியே வந்தால் காற்று தொண்டை வரைக்கும் குளுகுளுவென்று போகும்.

"இத யாரு அப்பத்தா சொல்லிக் குடுத்தது?"

"எங்க அப்பத்தா. அவளுக்கு அவ அப்பத்தா."

முப்பது வருஷம் இந்தப் பதிலை நம்பினேன். வேலைக்காகக் கோயம்புத்தூர் வந்த பிறகு, மராத்தி பேசும் சக ஊழியர் ஒருவர் ரோட்டோரத்துத் தைல மரத்தைக் காட்டி "நீலகிரி" என்றார். மலை தெரிகிறதாக்கும் என்று நான் திரும்பிப் பார்த்தேன். அவர் மரத்தைத்தான் சொல்லியிருக்கிறார். மராத்தியிலும் இந்தியிலும் கன்னடத்திலும் அந்த மரத்துக்கே அதுதான் பெயராம். ஒரு மலையின் பெயரை ஒரு மரம் எப்படி எடுத்துக்கொள்ளும்? அடுத்த சனிக்கிழமை மேட்டுப்பாளையம் வழியாக மேலே ஏறினேன்.

குன்னூர் தாண்டி ஒரு டீக்கடையில் விசாரித்தபோது இன்னொரு குழப்பம். "தைல மரமா? ஓ, கற்பூர மரத்தைக் கேக்கறீங்களா?" அங்கே அதற்குப் பெயர் அப்படித்தான். கடைக்குப் பின்னால் ஒரு கன்று நின்றது. தண்டு உருண்டையாக இல்லை, நாலு பட்டை. இலைகள் எதிரெதிராக, காம்பே இல்லாமல், வட்டமாகத் தண்டைக் கட்டிக்கொண்டிருந்தன. மேலே வெண்ணீலப் பூச்சு. விரலால் தேய்த்தால் திருநீறு மாதிரி அழிந்து அடியில் பச்சை தெரிந்தது. பக்கத்தில் நின்ற பெரிய மரத்திலோ இலைகள் அரிவாள் போல வளைந்து நீளமாகத் தொங்கின. இரண்டும் ஒரே மரம் என்று கடைக்காரர் சொன்னபோது நம்பவில்லை. கசக்கி முகர்ந்தேன். அப்பத்தாவின் போர்வை.

அவரே வழி சொல்லி, தைலம் காய்ச்சும் கொட்டகை ஒன்றுக்கு அனுப்பினார். தகர ஓட்டுக்குக் கீழே ஆள் உயரத்துக்கு ஒரு கொப்பரை. அடியில் தண்ணீர், மேலே சருகை மிதித்து மிதித்துத் திணித்திருந்தார்கள். பறித்த இலை இல்லை, காட்டுக்குள் பெண்கள் கூட்டிப் பொறுக்கிச் சாக்கில் கட்டிவந்த சருகு. மூடியைச் சுற்றிக் களிமண் பூசியிருந்தது. உள்ளிருந்து வரும் ஆவி குழாய் வழியாகப் பச்சைத் தண்ணீர்த் தொட்டிக்குள் போய்க் குளிர்ந்து, மறுபக்கம் சொட்டாக இறங்குகிறது. தண்ணீர் கீழே தங்க, எண்ணெய் மேலே மிதக்கிறது. ஏற்கெனவே காய்ச்சி முடித்த சருகுதான் அடுப்புக்கு எரிபொருள். அண்டாவும் போர்வையுமாக எங்கள் வீட்டில் நடப்பதுதான், கொஞ்சம் பெரிய அளவில்.

சீனச் சரக்கு வந்து விலையை அடித்துவிட்டது என்று அங்கே புலம்பினார்கள். உலகச் சந்தையில் இந்தத் தைலத்துக்கு யூகலிப்டஸ் எண்ணெய் என்று பெயர். அப்படி விற்பதில் பெரும்பகுதி இன்று சீனத்திலிருந்துதான் வருகிறது. அதில் ஒரு பங்கு யூகலிப்டஸே இல்லை, நிஜமான கற்பூர மரத்தின் எண்ணெயிலிருந்து பிரித்தெடுத்தது. பெயர்கள் இப்படி ஒன்றையொன்று துரத்திக்கொண்டிருக்கின்றன.

மரம் இந்த மண்ணுடையது அல்ல. அதன் சொந்த ஊர் ஆஸ்திரேலியப் பெருநிலத்துக்குத் தெற்கே இருக்கும் டாஸ்மேனியாத் தீவும் எதிர்க்கரையான விக்டோரியாவும். டாஸ்மேனியாவின் மாநில மலரே இந்த மரத்தின் பூதான். 1843-ல் கேப்டன் காட்டன் என்ற ராணுவ அதிகாரி நீலகிரிக்குக் கொண்டுவந்து நட்டார். மூக்கடைப்புக்காக அல்ல, விறகுக்காக. வெள்ளைக்காரர்களின் குளிர்காயும் அடுப்புகளுக்குச் சோலைக் காடுகள் வெட்டுப்பட்டுத் தீர்ந்துகொண்டிருந்தன. மளமளவென்று வளரும் மரம் தேவைப்பட்டது. பிறகு புல்வெளிகளை எல்லாம் அது பிடித்துக்கொண்டது தனிக் கதை. அது நல்ல கதை இல்லை.

எண்ணெய்க் கதையும் ஆஸ்திரேலியாவில்தான் தொடங்குகிறது. ஆஸ்திரேலியாவின் பூர்வகுடிகள் இந்த இன மரங்களின் இலைகளைச் சளிக்கும் காய்ச்சலுக்கும் காலங்காலமாகப் பயன்படுத்தி வந்தார்கள். 1788-ல், கைதிகளை ஏற்றிக்கொண்டு சிட்னிக்குப் போன கப்பல்களோடு சென்ற மருத்துவர் ஜான் வைட், அங்கிருந்த வேறொரு வகை யூகலிப்டஸ் இலையைக் காய்ச்சி வடித்து இங்கிலாந்துக்கு அனுப்பினார். அதைப் பெரிய தொழிலாக்கியவர் ஜோசப் பொசிஸ்டோ என்ற மருந்துக்கடைக்காரர். 1852-ல் விக்டோரியாவில் கொப்பரை வைத்தார்.

ராத்திரி ஊட்டி அறையில் கம்பளிக்குள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அப்பத்தா பிறந்தது 1931. அவளுடைய அப்பத்தா உத்தேசமாக 1875. அவளுக்கும் அப்பத்தா 1820. அந்தக் கிழவி கல்யாணம் ஆகிப் பிள்ளை பெற்ற காலத்தில் நீலகிரி மலையில் இந்த மரம் ஒன்றுகூட இல்லை.

நொச்சி அப்படியல்ல. மூன்றாகவும் ஐந்தாகவும் விரியும் அதன் இலையைச் சங்கப் புலவர்கள் மயிலின் காலடி என்று பார்த்திருக்கிறார்கள். வேதும் சித்த மருத்துவத்தின் 32 புற மருத்துவ முறைகளில் ஒன்று. ஆக, அண்டாவுக்குப் பழைய வேர் உண்டு. சீசாவுக்குத்தான் இல்லை.

இறங்கியதும் ஊருக்குப் போன் போட்டேன். "அப்பத்தா, அந்தத் தைலம் வெள்ளைக்காரன் கொண்டாந்த மரத்துல எடுக்கிறது."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு சிரித்தாள். "அத நா எங்க அப்பத்தா குடுத்துச்சுன்னா சொன்னேன்? நொச்சியத்தானப்பா சொன்னேன். சீசா ஒங்க பெரிய தாத்தா கொண்டாந்தது. குன்னூர் எஸ்டேட்டுல இருந்தாகல்ல, பொங்கலுக்கு வரும்போதெல்லாம் ரெண்டு சீசா கொண்டாருவாக."

நான் டாஸ்மேனியா வரை துழாவிய விஷயத்துக்கு விடை மாடக்குழியிலேயே இருந்திருக்கிறது. கேட்கத்தான் ஆளில்லை.

சரி, வேலை செய்கிறதா? நீலகிரித் தைலத்தில் பெரும்பகுதி சினியோல் என்ற பொருள். 1983-ல் பிரிட்டனில் கற்பூரம், யூகலிப்டஸ், மெந்தால் ஆவிகளை முகரவைத்து மூக்கின் காற்றோட்டத்தைக் கருவியால் அளந்தார்கள். அடைப்பு கொஞ்சமும் குறையவில்லை. ஆனால் முகர்ந்தவர்களில் பெரும்பாலோர் மூச்சு நன்றாகப் போவதாகச் சொன்னார்கள். ஆவி மூக்கின் குளிர் உணரும் நரம்புகளைத் தொட்டுவிடுகிறது, அவ்வளவுதான். இங்கிலாந்தில் நாள்பட்ட சைனஸ் தொல்லை உள்ள 800-க்கும் மேற்பட்டவர்களிடம் செய்து 2016-ல் வெளியான ஆய்வில், ஆவி பிடித்ததில் தலைவலி மட்டும் குறைந்தது. உப்புத் தண்ணீரால் மூக்கைக் கழுவியவர்களுக்குத்தான் ஓரளவு பலன். அதையும் கொதித்து ஆறிய தண்ணீரில் செய்ய வேண்டும். குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றி, மூளையைத் தின்னும் அமீபா ஏறி, 2011-ல் அமெரிக்காவின் லூசியானாவில் இரண்டு பேர் இறந்திருக்கிறார்கள்.

இத்தனையும் படித்த பிறகும் மார்கழியில் நான் போர்வைக்குள்தான் போகிறேன். உணர்வாவது திறக்கிறதே, அதற்கு என்ன குறை? கூடவே தினமும் உப்புத் தண்ணீர். பத்து நாளைக்கு மேல் இழுத்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ, கண்ணைச் சுற்றி வீங்கினாலோ நேராக டாக்டரிடம்.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். சர்க்கரையில் ஒரு சொட்டு நீலகிரித் தைலம் விட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் பழக்கம் எங்கள் சித்தி வீட்டில் இன்னும் இருக்கிறது. உங்கள் வீட்டிலும் இருந்தால் இன்றே நிறுத்துங்கள். ஒரு தேக்கரண்டி உள்ளே போனால் சின்னக் குழந்தைக்கு வலிப்பு வரலாம், நினைவு தப்பலாம். சீசாவை மாடக்குழியிலிருந்து எடுத்து, பிள்ளைகள் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.