ஒற்றியூரில் இரண்டு நாள்

2023 ஆம் ஆண்டு சித்திரைத் திங்களில் என் அன்னையாரை அழைத்துக்கொண்டு திருவாரூரிலிருந்து சென்னைக்கு வந்தேன். அவருடைய இரு கண்களிலும் புரை படர்ந்திருந்தது. ஒரு விளக்கு பத்து விளக்காகத் தோன்றுகிறது என்றும், வெள்ளை வேட்டியெல்லாம் பழுப்பாகத் தெரிகிறது என்றும் நெடுநாளாகக் கூறி வந்தார். ஆயினும் மருத்துவமனைக்கு வர இசையவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. அவர் சிறுமியாக இருந்தபோது அவருடைய தாயாருக்குக் கண்ணில் அறுவை செய்தார்கள். தலை அசையாதபடி இரு புறமும் மணல் மூட்டைகளை வைத்துப் பல நாள் படுக்க வைத்திருந்தார்களாம். அந்தக் காட்சி அன்னையின் உள்ளத்தில் அச்சமாகவே தங்கிவிட்டது.

எழும்பூரில் உள்ள அரசு கண் மருத்துவமனை 1819 ஆம் ஆண்டில் தோன்றியது; உலகிலுள்ள மிகப் பழைய கண் மருத்துவமனைகளுள் ஒன்று. அங்கே இளம் மருத்துவர் ஒருவர் அன்னையின் அருகில் அமர்ந்து, இக்காலத்துச் சிகிச்சையைப் பொறுமையுடன் விளக்கினார். மங்கிய வில்லையை நீக்கிவிட்டு, அதன் இடத்தில் தெளிந்த செயற்கை வில்லையை வைத்துவிடுவார்களாம். இரண்டாம் உலகப் போரில் காயமுற்ற வானோடிகளின் கண்களில், விமானத்தின் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் கூரை சிதறித் தைத்திருந்தது. அத்துண்டுகள் கண்ணை அழற்றாமல் கிடந்ததை ஹரால்டு ரிட்லி என்னும் ஆங்கில மருத்துவர் கண்டார். அதே வகைப் பொருளால் வில்லை செய்து, 1949 இல் இலண்டனில் ஒரு நோயாளியின் கண்ணுள் முதன்முதலாக வைத்தார்.

அன்னை அனைத்தையும் கேட்டுத் தலையசைத்தார். ஆனால் இரத்த அழுத்தத்தை அளந்தபோது அது மிக உயர்ந்திருந்தது.

“அஞ்சியிருக்கிறீர்கள், அம்மா. மாத்திரை தருகிறேன், மூன்றாம் நாள் வாருங்கள். இடக் கண்ணை முதலில் பார்ப்போம். அதுவரை மருத்துவமனையை மறந்துவிட்டு எங்கேனும் மகிழ்ச்சியாக இருங்கள்” என்றார் மருத்துவர்.

எனக்குச் சிறிது எரிச்சலாக இருந்தது. எடுத்த விடுப்பு வீணாகிறதே என்று விரல்விட்டு நாள் எண்ணிக்கொண்டே வெளியே வந்தேன். அன்னையோ, வாயிலில் நின்றபடி, “தம்பி, ஒற்றியூர் இங்கிருந்து தொலைவோ?” என்று கேட்டார்.

திருவொற்றியூரின் வடக்கு மாடவீதியில் என் சிற்றன்னையின் மகள் குடியிருக்கிறாள். ஆனால் அன்னை கேட்டது அவளுக்காக மட்டும் அன்று. சுந்தரமூர்த்தி நாயனார் கண்ணிழந்தது ஒற்றியூரில். முழுப் பார்வை பெற்றது எங்கள் திருவாரூரில். பெரிய புராணம் கூறும் இக்கதையைக் கேட்டே வளர்ந்தவர் அவர். கதையின் முடிவு நிகழ்ந்த ஊரில் எழுபது ஆண்டு வாழ்ந்தும், தொடக்கம் நிகழ்ந்த ஊரைப் பார்த்ததில்லை.

மெட்ரோ இரயிலில் ஏறிச் சென்ட்ரலில் மாறினோம். பாதாளத்திலேயே ஓடிய வண்டி, தண்டையார்பேட்டைக்குப் பின் மேலெழுந்து கூரைகளுக்கு மேலே பறந்தது. வெளிச்சம் முகத்தில் பட்டதும் அன்னை குழந்தையைப் போலச் சன்னலின் பக்கம் திரும்பினார். அவருக்குத் தெரியாதவற்றை நான் சொல்லிக்கொண்டே வந்தேன். காலடிப்பேட்டை என்று அறிவிப்பு வந்தபோது, “யாருடைய காலடி?” என்றார். காலடி யாருடையதும் அன்று. 1717 முதல் 1720 வரை ஆளுநராக இருந்த ஜோசப் காலெட் நெசவாளர்களைக் குடியேற்றிய இடம் அது. காலெட்டுப்பேட்டை மக்களின் நாவில் காலடிப்பேட்டை ஆயிற்று. அன்னை உரக்கச் சிரித்தார். பல திங்களுக்குப் பின் அன்றுதான் அவர் சிரித்துக் கேட்டேன்.

மாலையில் கோயிலுக்குச் சென்றோம். இங்கும் இறைவனுக்குத் தியாகராசர் என்னும் பெயர் உண்டு என்று அறிந்ததும், சொந்த ஊருக்கு வந்துவிட்டவர் போல அவர் நடையில் உறுதி பிறந்தது. கருவறையில் ஆதிபுரீசுவரரைக் கவசம் மூடியிருந்தது. ஆண்டில் கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டுமே அதைக் களைவார்கள். நான் வருந்தினேன். “வருந்தாதே. இன்று உனக்கும் எனக்கும் ஒரே பார்வைதான்” என்றார் அன்னை.

கருவறையின் பின்புறம் யானையின் முதுகுபோல வளைந்திருக்கிறது. இதனைத் தூங்கானை மாடம் என்பர். முதலாம் இராசேந்திர சோழன் காலத்தில் வீரசோழத் தச்சன் என்னும் சிறப்புப் பெயர் கொண்ட இரவி என்ற சிற்பி இதனைக் கருங்கல்லால் கட்டியதாகக் கல்வெட்டுக் கூறுகிறது. அன்னை அவ்வளைவின்மேல் கையை வைத்துத் தடவிக்கொண்டே நடந்தார். ஓரிடத்தில் விரல்கள் நின்றன. “இங்கே எழுத்து இருக்கிறது” என்றார். எனக்கு அதுவரை அது கண்ணில் படவில்லை.

பின்பு மகிழ மரத்தடியில் அமர்ந்தோம். சங்கிலியாரை மணக்க விரும்பிய சுந்தரர், பிரியேன் என்று சன்னிதியில் சூளுரைத்துவிட்டுப் பின்பு தப்பித்துக்கொள்ள எண்ணினார். அந்நேரம் இறைவனை மகிழின்கீழ்ச் சென்று இருக்குமாறு வேண்டினார். இறைவனோ மகிழின்கீழேயே சூள் வாங்கும்படி சங்கிலியாருக்கு உணர்த்திவிட்டார்! திருவாரூரின் வசந்த விழாவை நினைத்து ஊரெல்லையைக் கடந்த பொழுதில் சுந்தரரின் கண்கள் மறைந்தன. காஞ்சியில் இடக் கண்ணையும், ஆரூரில் வலக் கண்ணையும் பெற்றார்.

“எங்கள் ஊர்ப் பரவையைத் தவிக்க விட்டு இங்கே வந்து இன்னொரு மணம் செய்தவருக்கு இது வேண்டியதுதான்” என்று அன்னை கடிந்துகொண்டார். நாயன்மாரானாலும், தம் ஊர்ப் பெண்ணின் பக்கமே அவர் நிற்பார். உதிர்ந்திருந்த பூக்களை மணத்தைக் கொண்டே தேடி எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டார்.

மறுநாள் விடியலில் கடற்கரைக்குச் சென்றோம். பட்டினத்தார் சமாதியில் வணங்கிவிட்டு அலையோரம் வந்தபோது, “மணல் எங்கே?” என்று அன்னை வினவினார். நாகப்பட்டினத்துக் கடற்கரையை அறிந்தவர் அல்லவா? இங்கே கரை நெடுகக் கருங்கற்களே கிடக்கின்றன. கடல் நீரோட்டம் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு வருகிறது. சென்னைத் துறைமுகத்தின் சுவர்கள் அதனைத் தடுத்துவிட்டமையால், தெற்கே மெரினா அகன்றது. வடக்கே கரை அரிக்கப்பட்டது. பிரளய நீரை ஒற்றி விலக்கியதால் ஒற்றியூர் எனப் பெயர் பெற்றதாகத் தலபுராணம் கூறும் ஊரில், இன்று கற்களை அடுக்கிக் கடலை நிறுத்த வேண்டியிருக்கிறது.

அக்கற்களின்மேல் அமர வேண்டும் என்று அன்னை பிடிவாதம் செய்தார். நான் தயங்கினேன். வலை உலர்த்திக்கொண்டிருந்த மீனவப் பெண் ஒருத்தி ஓடிவந்து, “பார்த்துக் காலை வை, ஆயா” என்று கைப்பிடித்து அமர்த்தினாள். அலை வந்து காலை நனைக்கும்போதெல்லாம் அன்னை ஒன்று, இரண்டு என எண்ணினார். நூறு எண்ணும்வரை எழ மறுத்துவிட்டார்!

மூன்றாம் நாள் இரத்த அழுத்தம் இயல்பாக இருந்தது. அறுவை அரை மணிக்குள் முடிந்தது; மணல் மூட்டை ஏதும் இல்லை. அடுத்த நாள் காலையில் கட்டை அவிழ்த்தார்கள். அன்னை என்னைப் பார்த்தார், “இளைத்துவிட்டாய்” என்றார். பிறகு முந்தானை முடிச்சை அவிழ்த்தார். மகிழம் பூக்கள் காய்ந்து பழுப்பேறியிருந்தன. ஒன்றை விரல் நுனியில் வைத்து, கண்ணருகே கொண்டுபோய் நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“வலக் கண்ணுக்குச் சில வாரம் கழித்து வரவேண்டும், அம்மா” என்றார் மருத்துவர்.

“அதை ஆரூரிலேயே பார்த்துக்கொள்கிறேன், ஐயா. முறை அதுதான்” என்றார் அன்னை. மருத்துவர் ஒன்றும் விளங்காமல் என்னைப் பார்த்தார்.