பறைக்காரரின் கோட்டு

‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழு 2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் முதன்முதலாக மேடையேறியது. அந்த நிகழ்ச்சியின் காணொளியை எத்தனை முறை பார்த்திருப்பேனோ! பாட்டெல்லாம் மனப்பாடம். ஆனாலும் கண் போய் நிற்பது அவர்கள் போட்டிருந்த கோட்டில்தான். பத்தொன்பது பேர் கொண்ட குழு. கிதார்காரருக்கும் கோட்டு, பறையடிப்பவருக்கும் கோட்டு.

நெய்வேலியில் வளர்ந்தவனுக்கு இது பெரிய விஷயம். வில்லுடையான்பட்டு முருகன் கோயில் பங்குனி உத்திரக் கூட்டத்தில், அப்பா தோளில் உட்கார்ந்து மெல்லிசைக் கச்சேரி பார்த்திருக்கிறேன். கீபோர்டு, டிரிபிள் காங்கோ வாசிப்பவர்கள் ஒரே நிறக் கோட்டில் இருப்பார்கள். வியர்வை ஊற்றும், கழற்ற மாட்டார்கள். கோட்டுப் போட்டவர்தான் கலைஞர் என்று மனத்தில் பதிந்துவிட்டது.

பறையைப் பக்கத்தில் பார்த்தது நெய்வேலி டவுன்ஷிப்புக்கு வெளியே, எங்கள் கிராமத்தில், ஆயா செத்துப்போன அன்று. மழை தூறிக்கொண்டிருந்தது. தெருமுனையில் ஒரு பெரியவர் வைக்கோலைக் கொளுத்திப் பறை காய்ச்சிக்கொண்டிருந்தார். தோலை நெருப்பில் காட்டுவார், விரலால் சுண்டுவார், காதைச் சாய்த்துக் கேட்பார், திரும்பவும் காட்டுவார். சுருதி சேர்க்கிறார் என்று அப்போது தெரியாது. சும்மா போய் நின்றேன். மாமா வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். சாயங்காலம்வரை பெரியவர் அடித்தார். உடம்பில் நனைந்த துண்டு ஒன்றுதான். டீ அவருக்கு வேறு டம்ளரில் போனது. அந்த அடி இன்னும் காதில் இருக்கிறது. அவர் பெயரை யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’, இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு. வடசென்னைக் கானாவோடு ராக்கையும் ராப்பையும் கலந்தார்கள். 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதரின் ‘சாதியில்லாத் தமிழர்’ என்ற சொல்லிலிருந்து குழுவின் பெயரை எடுத்தார்கள். குழுவில் கானா பாடிய இசைவாணி, 2020இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார். எனக்கோ எல்லாவற்றையும்விட அந்தக் கோட்டுதான் பெரிது. கோட்டு அணிந்த அம்பேத்கரை நினைக்காமல் அதைப் பார்க்க முடியவில்லை.

எங்கள் ஊரில் விழா நடத்துகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். மெல்லிசைக் குழு ஏறுகிற அதே மேடையில் பறைக் கலைஞர்களையும் ஏற்றுங்கள். நோட்டீஸில் அவர்கள் பெயரைப் போடுங்கள்.