குழந்தையின் முகம் தெரிகிறதா?

காத்திவாக்கத்தில் துணி காயப்போடுவதற்கு முன்னால் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்ப்பார்கள். நிலக்கரித் தூசியும் அனல்மின் நிலையத்துச் சாம்பலும் அவ்வளவு பழக்கம். 2023 டிசம்பர் 26 நள்ளிரவில், கப்பலிலிருந்து உரத் தொழிற்சாலைக்கு அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டபோது, பெரியகுப்பம் பக்கம் குடும்பம் குடும்பமாகத் தூக்கத்திலிருந்து எழுந்து பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அதற்குப் பிறகு அந்த வட்டாரத்தில் கொஞ்சம் நெடி அடித்தாலே கை தானாக முந்தானையைத் தேடும், தன் மூக்குக்கும் பிள்ளையின் முகத்துக்கும்.

அந்தப் பழக்கம்தான் ஒரு நாள் அந்த இளம் தாயைக் கலங்க வைத்தது.

கணவருக்குத் துறைமுகத்தில் ஒப்பந்த வேலை. அம்மா வீடு மீஞ்சூரை அடுத்த ஒரு கிராமம். ஒரு ஏக்கர் நெல். புரட்டாசியில் நடவுக்கு ஆள் கிடைக்காமல் அம்மா திண்டாட, மூன்று மாதக் குழந்தையோடு கிளம்பிவிட்டார். தோளில் மாட்டிக்கொள்ளும் பேபி கேரியர் ஒன்றை உறவினர் வாங்கித் தந்திருந்தார். ஜோல்னாப் பை மாதிரி குறுக்கே தொங்கும் வகை. இரண்டு கையும் சும்மா இருக்கும், பையும் சாப்பாட்டுத் தூக்கும் எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தார்.

காத்திவாக்கம் ஸ்டேஷனில் கும்மிடிப்பூண்டி ரயில் ஏறினார். தூசி படக்கூடாதே என்று பையின் வாயை மடித்து, மேலே ஒரு துண்டையும் போட்டார். குழந்தை சத்தமே இல்லாமல் தூங்கியது. அத்திப்பட்டு தாண்டும்போது எதிரே மீன்கூடையோடு உட்கார்ந்திருந்த ஆயா கேட்டார்: "இன்னாமா, புள்ள மூஞ்சியே தெரியல? தொறந்து பாரு."

துண்டை விலக்கினார். குழந்தை வில்லாக வளைந்து, தாடை நெஞ்சில் முட்டிக் கிடந்தது. தலைமுடி வியர்வையில் நனைந்திருந்தது. மூச்சு கீச்சு கீச்சென்று வந்தது. உதடு வெளுத்திருந்தது. வாரி எடுத்து நிமிர்த்தியதும் ஒரு நொடி ஒன்றுமில்லை. அப்புறம் வீறிட்டு அழுதது. அந்த அழுகையைக் கேட்டுத்தான் அவருக்கு மூச்சு வந்தது. மீஞ்சூரில் இறங்கியதும் நேராக ஆஸ்பத்திரிக்குப் போனார். குழந்தை நலமாக இருப்பதாகச் சொல்லி, என்ன நடந்தது என்பதையும் டாக்டர் விளக்கினார்.

தோட்டத்து ஹோஸ் மடங்கினால் தண்ணீர் நின்றுவிடும் இல்லையா, அதே கதைதான். சின்னக் குழந்தையின் மூச்சுக்குழல் மெல்லியது, கழுத்துக்கும் பலம் கிடையாது. தாடை நெஞ்சில் அழுந்தினால் காற்று போகும் வழி குறுகிவிடும். துணி மூக்கை மூடினாலும், திருப்பிக்கொள்ள அதற்குத் தெரியாது. மூச்சு முட்டுகிற குழந்தை அழாது. அதனால்தான் சுகமாகத் தூங்குகிறது என்று நாம் ஏமாந்துபோகிறோம். அமெரிக்காவின் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் 2010 மார்ச் மாதத்தில் இதே தொங்கு வகைகளைப் பற்றி எச்சரித்தது. அதுவரையான 20 ஆண்டுகளில் 14 குழந்தைகள் இறந்ததாகவும், அவர்களில் 12 பேர் 4 மாதம்கூட நிரம்பாதவர்கள் என்றும் அது சொன்னது.

அப்படியென்றால் குழந்தையைக் கட்டிக்கொள்ளவே கூடாதா? கூடும். எடை குறைந்து பிறந்த பிள்ளைகளைத் தாயின் நெஞ்சோடு நிமிர்த்திக் கட்டி வைக்கும் 'கங்காரு பராமரிப்பு' நம் அரசு மருத்துவமனைகளிலேயே சொல்லித் தரப்படுகிறது. 1978-ல் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில், இன்குபேட்டர் போதாத மருத்துவமனை ஒன்றில் தொடங்கிய முறை அது. அங்கே நர்ஸ் சொல்வதுதான் இங்கேயும் கணக்கு. குழந்தை நிமிர்ந்து, நம் நெஞ்சோடு ஒட்டி இருக்க வேண்டும். குனிந்தால் உச்சியில் முத்தம் கொடுக்கும் உயரம். முகம் எப்போதும் நம் கண்ணில் பட வேண்டும். தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். கட்டு தொளதொளவென்று இருந்தால் குழந்தை சரிந்து மறுபடியும் வில்லாகிவிடும். கால்களை நேராக நீட்டிக் கட்டாமல், தொடை விரிந்து, முட்டி இடுப்பைவிடச் சற்று உயர்ந்திருக்கும்படி விட்டால் இடுப்பு மூட்டுக்கு நல்லது. நம் பாட்டிகள் இடுப்பில் வைத்துக்கொண்டதும் அப்படித்தானே! ஆனால் அது கழுத்து நின்ற பிள்ளைக்கு. குறைமாதக் குழந்தை, எடை குறைந்த குழந்தை, சளி பிடித்த குழந்தை என்றால் டாக்டரைக் கேட்காமல் எந்தக் கேரியரும் வேண்டாம்.

பிள்ளையைக் கட்டிக்கொண்டு நடவு நடலாமா? கூடாது. இடுப்பை வளைத்துக் குனிந்தால் குழந்தை முன்னால் சரியும். கீழே கிடப்பதை எடுக்க வேண்டியிருந்தால் முட்டியை மடக்கி உட்கார்ந்து எடுக்க வேண்டும். நடவில் அது நடக்கிற காரியமா? வெயிலில் நம் உடம்புச் சூடும் சேர்ந்து குழந்தைக்கு ஏறும். அரிவாள், அடுப்பு, மருந்து தெளிப்பு எதன் பக்கமும் குழந்தையோடு போகக் கூடாது.

இரு சக்கர வண்டி விஷயத்தில் பலர் செய்யும் தவறு ஒன்று உண்டு. கேரியரில் கட்டியிருக்கிறோமே என்று தைரியமாகப் பின்னால் உட்கார்ந்துவிடுகிறார்கள். கேரியர் விபத்தில் காக்காது. 9 மாதம் முதல் 4 வயது வரையுள்ள பிள்ளையை, வண்டி ஓட்டுபவரோடு இணைக்கும் தனிப் பாதுகாப்பு வாரும் ஹெல்மெட்டும் போட்டுத்தான் ஏற்ற வேண்டும், வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என்று மத்திய அரசு 2022 பிப்ரவரியில் விதி கொண்டுவந்தது. அதைவிடச் சின்னக் குழந்தைக்கு பஸ், ரயில், ஆட்டோதான் மேல்.

அந்தத் தாய் அன்று வயலில் இறங்கவில்லை. அம்மா நட்டார், மகள் வரப்போர வேப்பமர நிழலில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு நாற்றுமுடி கணக்குப் பார்த்தார். நடவு முடிய ஒரு நாள் கூடுதலாகப் பிடித்தது, ஒரு ஆள் கூலியும் கூடியது. திரும்பும்போது நான்கு முழப் பருத்தித் துணியில் குழந்தையை நெஞ்சோடு நிமிர்த்திக் கட்டிக்கொண்டார். முகத்தை மூடவில்லை. தூசி வந்த பக்கத்து ஜன்னலை மட்டும் இறக்கிவிட்டார். அந்தத் தொங்கு பை அம்மா வீட்டு ஆணியிலேயே இருக்கிறது. இப்போது அதில் அவரை விதை.