போர்வீரர் கட்டு

பெங்களூரில் குடியேறிய நம்மவர் ஞாயிற்றுக்கிழமைகளில் லால்பாக் தோட்டத்துக்கும் கப்பன் பூங்காவுக்கும் அல்சூர் ஏரிக்கரைக்கும் செல்வது வழக்கம். அவற்றைப் பற்றி எழுதியவர் பலர். நான் எழுதப் போவது இந்திரா நகரில் ஒரு கடையின் மாடியறையைப் பற்றி. அங்கே பூவும் இல்லை, சிலையும் இல்லை. சில மேசைகளும் நாற்காலிகளும் உண்டு. அவற்றில் அமர்ந்து சிறுவரும் இளைஞரும் சீட்டாடுகின்றனர். அவர்களோடு நானும் ஒரு நாள் அமர்ந்து ஆடினேன்.

சீட்டு என்றதும் முகம் சுளிக்கும் அன்பர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். உங்களைவிட அதிகமாக முகம் சுளித்தவன் நான். என் தந்தையார் கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளி. 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதக் கடைசியில் சுரங்கம் மூடப்பட்டபோது எனக்குப் பதின்மூன்று வயது. வேலை போனபின் கைக்கு வந்த பணத்தில் ஒரு பகுதி குடும்பத்துக்கு வந்தது. மற்றொரு பகுதி மங்காத்தாவில் போயிற்று. உள்ளே, வெளியே என்று அவர்கள் கூவுவது இரவு நேரத்தில் எங்கள் வீட்டுத் திண்ணைவரை கேட்கும். அந்நாளில் என் அன்னையார், "இனி இந்த வீட்டில் சீட்டுக் கட்டு நுழையக் கூடாது" என்று சத்தியம் வாங்கினார். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய நான், ரயில்வேயில் கடைநிலைப் பணியாளனாகச் சேர்ந்து, பின்னர் பார்சல் அலுவலகத்தில் எழுத்தனானேன். அந்தச் சத்தியத்தை மட்டும் மீறியதில்லை.

ஆகவே, பன்னிரண்டு வயதான என் மகன் தன் பள்ளித் தோழனிடமிருந்து ஒரு சீட்டுக் கட்டை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று பெரும் பூசல் நிகழ்ந்தது. அவன் அழவில்லை. "இதில் பணம் வைத்து ஆடுவதில்லை அப்பா, ஒரு முறை பார்த்துவிட்டுத் திட்டுங்கள்" என்றான். நியாயமாகவே தோன்றியது. பார்த்தேன்.

நாம் அறிந்த ஐம்பத்திரண்டு சீட்டு அல்ல அது. ஒவ்வொரு சீட்டிலும் ஓர் ஓவியம். அதன் கீழே அச்சீட்டு என்ன செய்யும் என்ற விளக்கம். வீரர் சீட்டானால் அதற்கும் கீழே தாக்கும் வலிமை, காக்கும் வலிமை என இரண்டு எண்கள். இவ்வகை ஆட்டத்தை 1993-இல் அமெரிக்கக் கணித அறிஞர் ரிச்சர்ட் கார்ஃபீல்டு 'மேஜிக்' என்ற பெயரில் தொடங்கி வைத்தார். என் மகன் ஆடுவது ஜப்பானியருடைய 'யூகியோ'. கசுகி தகஹாஷி என்பார் 1996-இல் வரையத் தொடங்கிய சித்திரக் கதையிலிருந்து பிறந்தது அது. 1999-இல் கொனாமி நிறுவனம் அதைச் சீட்டாட்டமாக வெளியிட்டது. உறையைப் பிரித்தால் உள்ளே எந்தச் சீட்டு இருக்கும் என்பது தெரியாது. இரண்டாய் வந்ததை ஒருவருக்குக் கொடுத்து, இல்லாததை அவரிடம் வாங்கிக்கொள்வர். பண்டமாற்றுச் சீட்டு என்று இதைச் சொல்லலாம்.

விதிகள் சுருக்கமாக இவை. ஒருவர் தம் கட்டைத் தாமே அமைத்துக்கொள்ள வேண்டும். நாற்பது சீட்டுக்குக் குறையவும் கூடாது, அறுபதுக்கு மேற்படவும் கூடாது. ஒரே சீட்டு மூன்றுக்கு மேல் இருத்தலாகாது. ஆடுவோர் இருவருக்கும் தொடக்கத்தில் தலைக்கு 8000 உயிர்ப் புள்ளிகள். முறைக்கு ஒரு சீட்டாக எடுத்து, வீரரைக் களத்தில் இறக்கி, எதிரியின் புள்ளிகளைத் தீர்க்க வேண்டும். வீழ்ந்த சீட்டுகள் 'கல்லறை' என்ற இடத்தில் முகம் மேலாகக் கிடக்கும். அவற்றை இருவரும் பார்க்கலாம். அங்கே ஒளிவு மறைவு இல்லை.

இரவு உணவுக்குப் பின் மகன் எனக்குக் கற்பித்தான். தன்னிடமிருந்த பழைய சீட்டுகளைக் கொண்டு எனக்கென ஒரு போர்வீரர் கட்டை அமைத்துக் கொடுத்தான். அதில் 'மராடிங் கேப்டன்' என்றொரு படைத்தலைவன். அவன் தாக்கும் வலிமை வெறும் 1200. எதிரியின் நீலக்கண் வெள்ளை நாகத்துக்கோ 3000. ஆயினும் இந்தப் படைத்தலைவன் களத்தில் நிற்கும்வரை, எதிரி அவனைத் தவிர நம் வேறு எந்தப் போர்வீரனையும் தாக்க இயலாது. அப்படியானால் இரண்டு படைத்தலைவர்கள் அருகருகே நின்றால்? இவனைத் தாக்க அவன் விடான்; அவனைத் தாக்க இவன் விடான். மூவாயிரம் வலிமையுள்ள நாகம் வாளாவிருக்க வேண்டியதுதான். 'கமாண்ட் நைட்' என்றொரு வீராங்கனையும் உண்டு. அவள் களத்தில் நின்றால் நம் வீரர் ஒவ்வொருவருக்கும் 400 வலிமை கூடும். தனித்து நின்றால் எளியவர். கூடி நின்றால் வலியவர். புலம்பெயர்ந்த நம் போன்றோர்க்கு இக்கட்டு பிடித்துப்போவதில் வியப்பில்லை.

சீட்டு நம் மண்ணுக்குப் புதியது என்றும் எண்ண வேண்டா. கஞ்சீபா என்ற வட்டச் சீட்டுகளைப் பாபர் 1527-இல் சிந்து நாட்டு நண்பர் ஒருவருக்கு அனுப்பியதைத் தம் வரலாற்று நூலில் எழுதியிருக்கிறார். தசாவதாரக் கஞ்சீபாவில் அவதாரம் ஒன்றுக்குப் பன்னிரண்டாக 120 சீட்டுகள். மைசூரை ஆண்ட மும்முடி கிருஷ்ணராஜ உடையார் (1794–1868) இவ்வாட்டத்தில் பெருவிருப்புடையவர். புதிய ஆட்டங்களையும் வகுத்தவர். மைசூர்க் கஞ்சீபா இன்று புவிசார் குறியீடு பெற்ற கைவினையாகும்.

நிற்க. போட்டி நடந்த ஞாயிறன்று காலை, சங்கொள்ளி ராயண்ணா பெயர் தாங்கிய நம் பெரிய ரயில் நிலையத்தை அடுத்த குடியிருப்பிலிருந்து இருவரும் புறப்பட்டோம். ராயண்ணாவும் போர்வீரரே. கித்தூர் ராணி சென்னம்மாவின் படையில் இருந்து ஆங்கிலேயரை எதிர்த்து, 1831-இல் தூக்கிலிடப்பட்டவர். மெஜஸ்டிக்கில் மெட்ரோ ஏறினோம். கப்பன் பூங்காவரை பூமிக்கடியில் ஓடும் வண்டி, மகாத்மா காந்தி சாலையில் வெளிச்சத்துக்கு வந்து மேம்பாலத்தில் செல்கிறது. இந்நகரில் 2011 அக்டோபர் 20-ஆம் நாள் முதன்முதலாக மெட்ரோ ஓடியது இந்தச் சாலைக்கும் பையப்பனஹள்ளிக்கும் இடையேதான்.

அல்சூர் வந்ததும் மகனுக்குத் திருவள்ளுவரை நினைவூட்டினேன். ஏரிக்கரையில் அவர் சிலை 1991 முதல் பதினெட்டு ஆண்டுகள் மூடிக் கிடந்து, 2009 ஆகஸ்டு 9-ஆம் நாள் திறக்கப்பட்டது. நான்கு நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞர் சிலை திறக்கப்பட்டது. அதற்கு மகன், "அதுவும் பண்டமாற்றுத்தானே அப்பா?" என்றான். வண்டியில் எதிரே அமர்ந்திருந்த பெரியவர் சிரித்துவிட்டார்.

இந்திரா நகருக்கு அடுத்தது தொம்மலூர். அங்குள்ள சொக்கநாத சுவாமி கோயிலில் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. நகரின் தெற்கே பேகூரில் சுமார் கி.பி. 890-ஐச் சேர்ந்த கல்வெட்டு ஒன்று, 'பெங்களூர்ப் போரில்' மாண்ட வீரனைக் குறிக்கிறது. இவ்வூரின் பெயர் எழுத்தில் வருவது போரில் வீழ்ந்தவனுக்கு எடுத்த கல்லில். நாம் நடுகல் என்பதைக் கன்னடர் வீரகல் என்பர். பெயர் வேறாயினும் இரண்டும் ஒன்றே.

கடை மாடிக்கு ஏறியபோது மணி பத்தரை. கன்னடம், தமிழ், தெலுங்கு, இந்தி, ஆங்கிலம் ஆகியவை ஒரே அறையில் ஒலித்தன. நுழைவுக் கட்டணம் இருநூறு ரூபாய். பரிசாகப் பணம் இல்லை. பிரிக்காத சீட்டு உறைகளே பரிசு. பணம் வைத்து ஆடுபவர் எவரேனும் உண்டா என்று மூலை முடுக்கெல்லாம் கண்ணோட்டினேன். இல்லை. பெயர் கொடுத்தவர் பதினைந்து பேர். ஒருவர் குறைந்தால் சுற்றுக்கு ஒருவர் ஆடாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். கடைக்காரர் என்னைப் பார்த்தார். மகன் தன் பையிலிருந்து போர்வீரர் கட்டை எடுத்து என் கையில் வைத்தான். இருநூறு ரூபாய் கொடுத்துப் பதினாறாமவனாக அமர்ந்தேன். அன்னையாரின் சத்தியம் நெஞ்சில் உறுத்தத்தான் செய்தது.

சுற்றுகள் நான்கு. சுற்றுக்கு மூன்று ஆட்டம். இரண்டு வென்றவர் வெற்றி பெற்றவர். முதற் சுற்றில் ஒரு கல்லூரி மாணவர் என்னை விரைவில் தீர்த்துவிட்டார். இரண்டாம் சுற்றில் என் இரு படைத்தலைவர்களும் சேர்ந்து நின்றார்கள், வென்றேன். மூன்றாம் சுற்றில் எதிரே அமர்ந்தவன் பதினாறு வயதுக் கன்னடப் பையன். அவனிடம் நாகக் கட்டு. எனக்குத் தெரிந்த கன்னடம் பார்சல் அலுவலகக் கன்னடம். அவன் அறிந்த தமிழ் திரைப்படத் தமிழ். ஆயினும் கணக்கில் தடையேற்படவில்லை. ஆயிரத்தை அவன் 'சாவிர' என்பான். நூறு இருவருக்கும் நூறே. நானூறு இருவருக்கும் நானூறே.

ஆளுக்கோர் ஆட்டம் வென்று மூன்றாவது ஆட்டத்துக்கு வந்தோம். அவனுக்கு எஞ்சியவை 1500 புள்ளிகள், எனக்கு 500. என் களத்தில் ஒரு படைத்தலைவனும் வீராங்கனையும் நின்றனர். அவன் தன் முறையில் ஒரு மந்திரச் சீட்டால் வீராங்கனையை வீழ்த்தினான். ஆனால் அவன் களமோ வெறுமை. என் முறை வந்தது. படைத்தலைவனைத் தொட்டு, "ஆயிரத்து அறுநூறு, நேரடித் தாக்குதல்" என்றேன். பையன் பெருமூச்சு விட்டுத் தன் தாளில் சுழி எழுதினான். எழுந்து கை கொடுத்தான். பின்னால் நின்ற மகன் ஒன்றும் பேசவில்லை. வென்றேன் என்ற மகிழ்ச்சியில் நானும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

சீட்டுகளைத் திரட்டும்போதுதான் கண்டேன். வீராங்கனை கல்லறையில், முகம் மேலாகக் கிடந்தாள். அவள் இல்லாத களத்தில் படைத்தலைவனுக்கு ஏது அந்த நானூறு? அவன் வலிமை 1200 மட்டுமே. பையனுக்கு 300 புள்ளிகள் மிஞ்சியிருக்க வேண்டும்.

முடிவுச் சீட்டில் இன்னும் கையெழுத்து ஆகவில்லை. பேனா என் கையில் இருந்தது. பொய் சொல்ல வேண்டியதே இல்லை. கையெழுத்துப் போட்டாற் போதும். அந்த ஒரு கணத்தில் என்னுள் எழுந்த எண்ணத்தை மறைக்காமல் எழுதுகிறேன். 'அவனே கவனிக்கவில்லையே, விளையாட்டுத்தானே' என்று தோன்றியது. என் தந்தையார் திண்ணையில் உட்கார்ந்து, 'இன்று ஒரு நாள்தானே' என்று சொல்லும் குரல் அதில் கேட்டது. எங்கள் அலுவலகத்தில் நாள் முடிவில் கையிருப்புக் குறைந்தால் எழுத்தன் தன் பையிலிருந்து கட்ட வேண்டும். மிகுந்தாலும் அது அவனுக்கு உரியதன்று. கணக்கில் கட்டிவிட வேண்டும். பல ஆண்டுகளாகக் கட்டி வந்தவன் நான். பேனாவைக் கீழே வைத்தேன். "தம்பி, கணக்கில் பிழை. நானூறு அதிகம் சொல்லிவிட்டேன்" என்றேன்.

நடுவர் வந்தார். இருவரும் நடந்ததைச் சொன்னோம். சீட்டுகளைப் பழையபடி அடுக்கி, ஆட்டம் தொடரட்டும் என்றார். பையன் தாளில் சுழியை அடித்துவிட்டு, "முன்னூறு" என்று கன்னடத்தில் சொல்லி எழுதினான். "முந்நூறு" என்று நான் தமிழில் ஒப்புக்கொண்டேன். ஒரே சொல். பிறகு அவன் ஒரு சீட்டு எடுத்தான். 1900 வலிமையுள்ள ஒரு நாகம் வந்தது. படைத்தலைவன் வீழ்ந்தான். வித்தியாசம் 700, என்னிடமோ 500. தோற்றேன். பையன் கை கொடுத்து, "பரவாகில்ல சார்" என்றான். தன்னிடம் இரண்டாய் இருந்த படைத்தலைவன் சீட்டு ஒன்றை என் பக்கம் நகர்த்தினான். பதிலுக்குக் கொடுக்க என்னிடம் நாகச் சீட்டு இல்லை என்றேன். மாற்று வேண்டா என்று தலையசைத்தான்.

நான்காம் சுற்றிலும் தோற்றேன். மகன் இரண்டு வென்று இரண்டு தோற்றான். பரிசு உறை எங்கள் இருவருக்கும் கிடைக்கவில்லை.

திரும்பும் வண்டியில் அல்சூர் தாண்டியபின் மகன் சொன்னான்: "நீங்கள் ஆயிரத்து அறுநூறு என்றபோதே எனக்குத் தெரிந்தது அப்பா. பார்ப்பவர் பேசக் கூடாது என்பது விதி. அதனால் பேசவில்லை." எனக்கு உடல் ஒரு முறை சில்லிட்டது. கையெழுத்துப் போட்டிருந்தால் அவன் என்றும் எதுவும் கேட்டிருக்கமாட்டான். நானும் எதுவும் அறிந்திருக்கமாட்டேன்.

அன்றிரவு அவன் பாட்டனாரைப் பற்றி முதன்முறையாக அவனிடம் கூறினேன். சுரங்கத்தைச் சொன்னேன்; திண்ணையைச் சொன்னேன்; சத்தியத்தையும் சொன்னேன். மறுவாரம் தங்கவயலுக்கு மாரிக்குப்பம் வண்டியில் சென்று, அன்னையாரிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் அந்தச் சீட்டை வாங்கி வெளிச்சத்தில் வைத்து நெடுநேரம் பார்த்தார். "பணம் இல்லையே?" என்றார். "இல்லை அம்மா" என்றேன். "அப்படியானால் பிள்ளையோடு நீயும் போ, அவனைத் தனியே விடாதே" என்றார்.

பிள்ளைகள் இவ்வகைச் சீட்டுகளைக் கேட்டால் நம் அன்பர்கள் செய்ய வேண்டியதும் அதுவே. மாதத்துக்கு இவ்வளவு என்று வரையறுத்துக் கொடுங்கள். உறை வாங்கும் ஆசைக்கு எல்லை இல்லாவிடில் அதுவும் ஒரு சூதாகிவிடும். பெரியவர் ஒருவர் சிறுவனிடம் சீட்டு மாற்றினால் அருகிலிருந்து பாருங்கள். முடிந்தால் நீங்களும் ஒரு கட்டோடு உட்காருங்கள். போட்டி நாளில் ஓர் ஆள் எங்கும் குறையக்கூடும்.