என் இரண்டாவது பீரோ



முழங்கால் வலியால் வெளியே நடப்பது குறைந்துவிட்டது. கனடாவில் இருக்கும் மகள், 2003-இல் தொடங்கிய 'செகண்ட் லைஃப்' என்ற கணினி உலகில் எனக்கும் ஓர் உருவம் அமைத்துத் தந்தாள். ஞாயிறுதோறும் அங்கே இருவரும் நடக்கிறோம். அவள் வாங்கித் தந்த அரக்குச் சேலைதான் அங்கே எனக்குப் பட்டு.

இலவச உடைகளாகச் சேர்ந்து என் இன்வென்டரி ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. போன வாரம் ஒழுங்குபடுத்த உட்கார்ந்தேன். அந்தச் சேலை இரண்டு இடத்தில் இருந்தது. ஒன்று போதுமே என்று மற்றதை அழித்தேன். பிறகு உடுத்தப் போனால் சேலை வரவில்லை!

மகள் சொன்னாள்: "அம்மா, அவுட்ஃபிட்ஸ்ல இருக்கிறது வெறும் லிங்க்தான். பொருள் வேற ஃபோல்டர்ல இருக்கும். நீ அசலையே அழிச்சிட்டே." நகல் எடுக்க முடியாத சேலை வேறு. அவளை நேரில் பார்த்து மூன்று வருடமாகிறது, அழுகையே வந்துவிட்டது. நல்லவேளை, குப்பைத்தொட்டியை நான் காலி செய்திருக்கவில்லை. மீட்டுவிட்டோம்.

இப்போது அசல்களுக்குத் தனி ஃபோல்டர். ஒவ்வொன்றிலும் பெயர், கொடுத்தவர், தேதி. நோட்டுக்கு லேபிள் ஒட்டாதவர்களை எழுப்பி நிற்கவைத்த அதே டீச்சர்தான். சிரித்துக்கொள்ளுங்கள்!