இடி இறங்கும் வழி

திரும்பிய பக்கமெல்லாம் கோபுரம் தெரியும் கும்பகோணத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு, இடி என்றால் பாட்டியின் குரல்தான் நினைவுக்கு வரும். வானம் முழங்கியதும் எங்களைச் சேர்த்து அணைத்துக்கொண்டு "அர்ஜுனா, அர்ஜுனா" என்று ஜபிப்பாள். கோபுரக் கலசத்தில் வரகு நிரப்பியிருக்கிறது, இடியை அது வாங்கிக்கொள்ளும், ஊருக்கு ஒன்றும் வராது என்பாள். அந்த நம்பிக்கையை எடுத்துவைத்துப் பார்க்கும்படியான அவசியம் எனக்கு இத்தனை வயதுக்குப் பிறகு ஆம்பூரில்தான் நேர்ந்தது.

வைகாசி மாதத்துப் பிற்பகல். நாகநாத சுவாமியைத் தரிசித்துவிட்டு, தோல் பதனிடும் கூடங்களின் வாடைக்கு அஞ்சிக் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தேன். அந்த வாடையோடு சேர்த்து ஊரையும் உள்ளூர வெறுத்திருந்தேன் என்பதை மறைப்பதற்கில்லை. மலைப்பக்கம் திடீரென்று கறுத்தது. புழுதிக் காற்று எழுந்தது. ஓர் அம்மன் கோயிலுக்கு எதிரேயிருந்த டீக்கடைக்குள் நான் ஒதுங்குவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. கடைக்காரர் கொடுத்த டீயில் ஒரு கரிப்பு இருந்தது, பாதியில் வைத்துவிட்டேன். வெளியே, மின்னல் வெட்டிக்கொண்டிருக்கும் அந்த வேளையில், பெண்கள் அண்டாவும் குடமுமாகத் தெருவுக்கு ஓடிவந்துகொண்டிருந்தார்கள். இதென்ன அசட்டுத் துணிச்சல் என்று எண்ணினேன்.

அப்போதுதான் விழுந்தது. கண் கூசியதும் காது அடைத்ததும் ஒரே கணம். கோபுரத்திலிருந்து முப்பது அடி தள்ளி நின்ற தென்னை உச்சியிலிருந்து நெடுகப் பிளந்து, கொட்டும் மழையிலேயே அதன் குருத்து எரிந்தது. கோபுரத்தில் ஒரு கீறலும் இல்லை.

"பார்த்தீங்களா, அம்மா தள்ளிவிட்டுட்டா" என்று கைகூப்பினார் கடையிலிருந்த பெரியவர். "பன்னெண்டு வருஷத்துக்கு ஒருவாட்டி கும்பாபிஷேகம் பண்ணிப் புது வரகு மாத்தறது எதுக்கு? இடியைக் குடிக்கத்தான்."

பெஞ்சின் ஓரத்தில் அமர்ந்திருந்த பாய் ஒருவர், ஒரு தோல் கூடத்தில் மின்பணி பார்ப்பவர், மரியாதை குறையாமல் கேட்டார்: "குடிச்ச இடி அப்புறம் எங்க போவும், பெரியவரே?"

"பூமாதேவிகிட்ட."

"போவறதுக்கு வழி போட்டிருக்கீங்களா? செப்புப் பட்டை ஒண்ணு மேலேர்ந்து மண்ணுக்குள்ள வரைக்கும் இறங்கணும். இல்லாட்டி அது செவுத்தை உடைச்சிக்கினுதான் இறங்கும்."

பெரியவர் கோபித்துக்கொண்டார். என் இதயம் அவர் பக்கம்தான் நின்றது. பாட்டியை யாரோ எதிர்த்துப் பேசியதுபோல் வலித்தது. ஆயினும் அந்தக் கேள்விக்கு என்னிடம் விடையில்லை. 2021 ஜூலை 13 அன்று துவாரகாதீசர் ஆலயச் சிகரத்தில் மின்னல் தாக்கி 52 கஜக் கொடி கிழிந்தபோது, பகவானே ஏற்றுக்கொண்டார் என்று பக்தர்கள் உருகினார்கள். குலூவின் பிஜிலி மகாதேவர் கோயிலிலோ, இடியால் சிதறும் லிங்கத்தை அர்ச்சகர் வெண்ணெய் இட்டு ஒட்டுவதாக ஐதிகம். தெய்வம் தாங்கிக்கொள்ளும் என்ற அந்த எண்ணத்தின் அழகை நான் மதிக்கிறேன்; ஆனால் உச்சியில் உலோகத்தை வைத்துவிட்டு மண்வரை வழி வைக்காமல் விட்டால், ஈரக் கல்லுக்குள் பாயும் மின்சாரம் அங்குள்ள நீரை நொடியில் ஆவியாக்கிக் கல்லையே வெடிக்கச் செய்யும் என்பதும் மெய். அந்தத் தென்னையைப் பிளந்ததும் அதனுள் கொதித்த நீர்தான்.

மழை சற்று ஓய்ந்ததும் பாய் என்னைத் தம் கூடத்துக்கு அழைத்துச் சென்று, கட்டடத்தின் பக்கத்தில் ஓர் இரும்பு மூடியைத் தூக்கிக் காட்டினார். "எர்த் குழி, சார். கரியும் உப்பும் போட்டுத் தண்ணி ஊத்துவோம். ஈரத்துல உப்பு கரைஞ்சாத்தான் மண்ணு கரண்டை உள்ள வாங்கும்." சற்று நிறுத்தி, "எங்க ஊர்ல உப்பைத் தனியாப் போடணுமான்னே தோணும், சார். மண்ணே உப்பு" என்றார்.

அவர் குரலில் பெருமையும் இல்லை, புகாரும் இல்லை. பச்சைத் தோல் அழுகாதிருக்க உப்பிட்டு வருகிறது. பதனிடுமுன் அந்த உப்பு ஊறல் நீரில் கழுவப்படுகிறது. பல பத்தாண்டுகள் அந்த நீர் பாலாற்றிலும் வயலிலும் கிணற்றிலும் போய்ச் சேர்ந்தது. தோல் கூடங்கள் நிறைந்த இப்பிரதேசத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முற்றிலுமோ சாகுபடிக்கு உதவாமல் போயிற்று என்று, வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு பதிந்திருக்கிறது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்பதை இந்நாட்டுச் சட்டமாக நிலைநிறுத்திய தீர்ப்பு அது. எந்த ஊரின் வாடைக்கு நான் மூக்கைப் பொத்தினேனோ, அந்த ஊரார் அந்த உப்பைக் குடித்துக்கொண்டே, நான் காலில் மாட்டியிருந்த செருப்புக்குத் தோல் பதனிட்டிருக்கிறார்கள். கைக்குட்டையை எப்போது பைக்குள் வைத்தேன் என்று எனக்கு நினைவில்லை.

டீ குடித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று வற்புறுத்தி, பாய் என்னை வீட்டுக்கு அழைத்துப் போனார். தூரத்தில் இன்னும் உறுமல் இருந்தது. வாசல் இறவாரத்தின்கீழ் அண்டா, குடம், பால்தூக்கு, பிள்ளைகளின் தண்ணீர் பாட்டில் வரையில் வரிசையாக நின்றன. அவர் மனைவி அவற்றில் ஒன்றிலிருந்து ஒரு சொம்பு மொண்டு அடுப்பில் வைத்தார்.

"வானத்துத் தண்ணி, சார்" என்று டம்ளரை நீட்டினார் பாய். கரிப்பே இல்லை. முழுவதும் குடித்துவிட்டு, இன்னொன்று கேட்டு வாங்கினேன்.