தாழ்நிலத்தின் கணக்கு

உழவன் வானத்தை நோக்குவதும் நகரவாசி வானத்தை நோக்குவதும் ஒரே நோக்கன்று. கார்முகில் திரளும்போது முன்னவன் வரம்பைக் கட்டுகின்றான். பின்னவன் வீட்டுச் சாமான்களைக் கட்டுகின்றான். கொழும்பை அடுத்த கொலன்னாவை, வெல்லம்பிட்டி முதலாய தாழ்நிலங்களில் வாழ்வோர்க்கு இவ்விரண்டாவது நோக்கு வாழ்க்கைப் பழக்கமாகவே ஆகிவிட்டது. கட்டிற் கால்களுக்குக் கீழே செங்கல் அடுக்குவதும், பிறப்பத்தாட்சிப் பத்திரத்தையும் பிள்ளைகளின் பாடப்புத்தகங்களையும் பொலித்தீன் பையிலிட்டு உயரத்தே தொங்கவிடுவதும் அவர்கள் எந்தப் பல்கலைக்கழகத்திலும் கற்ற வித்தைகள் அல்ல.

இதனை இயற்கையின் சீற்றம் என்று எழுதிவிடுதல் எளிது. ஆயின் மழை பெய்வது மட்டுமே இயற்கை. பெய்த நீர் எங்கே தங்குகின்றது என்பது மனிதர் செய்த ஏற்பாடு. கொழும்பு, கடலுக்கும் களனி கங்கைக்கும் சதுப்பு நிலங்களுக்கும் இடையே எழுந்த நகரம். பதினைந்தாம் நூற்றாண்டிற் கோட்டை இராசதானிக்கு அரணாக நின்றவை இச்சதுப்பு நிலங்களே. போர்த்துக்கேயர் தம் கோட்டையைக் காக்க நீரைத் தேக்கியதன் எச்சமே இன்றைய பேரை வாவி. ஒல்லாந்தர் கால்வாய்கள் வெட்டினர். அக்காலத்தில் நீர் நகரத்தின் காவலாக இருந்தது. நிலத்துக்கு விலை ஏறிய பின்னரே அது நகரத்தின் பகையாயிற்று.

கொழும்பின் வெள்ளம் ஒன்றன்று, இரண்டு என்பதை முதலில் உணர்தல் வேண்டும். மலைநாட்டிற் பெய்யும் மழை களனி கங்கையைப் பெருக்கெடுக்கச் செய்வது ஒன்று. 2016 மே மாதத்திலும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போதும் நிகழ்ந்தது இதுவே. நகரத்தின் மீதே கொட்டும் மழை வடிய வழியின்றித் தேங்குவது மற்றையது. 1992 ஜூன் 4 ஆம் திகதி ஒரே நாளிற் கொழும்பில் 490 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட மழை பெய்தமை இதற்குச் சான்று. ஆற்று வெள்ளம் சொல்லிக்கொண்டு வரும்; மேலே ஆற்றின் மட்டத்தை அளப்போர் கீழே வாழ்வோரை எச்சரிக்கப் பல மணி நேரம் உண்டு. மழை வெள்ளமோ சொல்லாமல் வரும். இரண்டும் ஒருங்கே வருமாயின் இடர் இரட்டிக்கின்றது. ஆற்று நீர் நகருக்குட் புகாதவாறு கதவுகளை அடைத்தால், உள்ளே தேங்கிய நீரும் அவ்வழியாக வெளியேற மாட்டாது. வெள்ளவத்தை, தெஹிவளை முதலிய கடல்வாய்களையும் நீரிறைக்கும் பொறிகளையும் நம்பியே நகரம் காத்திருத்தல் வேண்டும்.

இனி ஒரு சிறு கணக்கு. ஒரு பேர்ச் நிலம் ஏறத்தாழ 25 சதுர மீற்றர். அதன்மேல் 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் 2,500 லீற்றர் நீர் விழும். பத்துப் பேர்ச் காணியில் அது 25,000 லீற்றர். மண்ணும் மரமும் உள்ள காணி அதில் ஒரு பங்கைக் குடிக்கும். சீமெந்திட்ட முற்றம் ஏறக்குறைய முழுவதையும் தெருக் கானுக்கு அனுப்பிவிடும். மறுபுறம், ஒரு சதுர கிலோமீற்றர் சதுப்பு நிலத்தில் நீர்மட்டம் ஒரு மீற்றர் உயருமாயின் அது பத்து இலட்சம் கன மீற்றர் நீரைத் தாங்கிக்கொள்ளும். அதனை நிரப்பி வீடு கட்டினால் அவ்வளவு நீரும் வேறொருவர் வாசலைத் தேடிச் செல்லும். நிரப்பியவர் வேறு, நனைபவர் வேறு. இங்கேதான் பொறியியல் முடிந்து நீதி பற்றிய வினா தொடங்குகின்றது.

1968 இற் கொழும்பு மாவட்டத் தாழ்நிலங்களை மீட்டு அபிவிருத்தி செய்யவென ஒரு சபை சட்டப்படி நிறுவப்பட்டது. மீட்டல் என்னும் சொல் சிந்தனைக்குரியது. பிறர் கவர்ந்ததையே மீட்பது வழக்கம். தன் இடத்திற் கிடந்த நீரைக் கள்வனாகக் கருதிய காலத்தின் மனப்பாங்கை அச்சொல் காட்டுகின்றது. அந்நீர் யாரையும் விலக்கி வைக்கவில்லை. 1982 இல் திறக்கப்பட்ட பாராளுமன்றக் கட்டடத்தை 2010 நவம்பரில் தியவன்னா ஓயா சூழ்ந்துகொண்டது. சட்டமியற்றுவோர் ஒரு முறை கண்ட அக்காட்சியைத் தாழ்நிலத்தார் பன்முறை கண்டுள்ளனர். அது மட்டுமன்று; நகரம் தனக்கு வேண்டாதவற்றையும் அவர்களிடமே சேர்த்தது. 2017 ஏப்ரல் 14 ஆம் திகதி, புத்தாண்டு நாளில், கொலன்னாவையின் மீதொட்டமுல்லவிற் குப்பைமேடு சரிந்து முப்பதுக்கு மேற்பட்டோரை உயிருடன் மூடிற்று.

மாற்றம் நிகழவில்லை எனக் கூறுதல் தகாது. 2012 இல் உலக வங்கியின் 21 கோடியே 30 இலட்சம் டொலர் கடனுதவியுடன் கால்வாய்களையும் நீர்வழிகளையும் சீர்செய்யும் திட்டம் தொடங்கப்பட்டது. 2018 இல் றம்சார் உடன்படிக்கையின் கீழ்க் கொழும்பு ஈரநில நகரமாக அங்கீகரிக்கப்பட்டது. எஞ்சிய சதுப்பு நிலம் வெற்று நிலமன்று, நகரத்தின் உறுப்பு என்பது ஏட்டளவிலேனும் ஏற்கப்பட்டுள்ளது.

எனினும் கால்வாயோரக் குடிசையை அனுமதியற்ற கட்டடம் என அகற்றுவது எளிதாகவும், அனுமதி பெற்றே சதுப்பை விழுங்கும் மாளிகையைத் தடுப்பது அரிதாகவும் இருக்குமளவும் இடர் குறையாது. கை மட்டுமே மாறும். ஆற்றங்கரையில் உயர்த்தப்படும் அணையும் இத்தன்மையதே. உள்ளே இருப்போரைக் காக்கும் அதே அணை, அதன் காப்புக்கு வெளியே இருப்போர் பக்கம் நீரை உயர்த்துகின்றது. அணை வேண்டாமென்பது இதன் பொருளன்று. எவருடைய காப்புக்காக எவர் நனைகின்றாரோ, அவருக்கு நகரம் கடன்பட்டுள்ளது என்பதே பொருள்.

அக்கடனைத் தீர்க்கும் வழிகள் புதியனவல்ல. எஞ்சிய சதுப்பை நிரப்பாதிருத்தல், மழைக்கு முன்னரே கான்களைத் தூர்வாருதல், எச்சரிக்கையைத் தமிழிலும் சிங்களத்திலும் உரிய வேளையில் வீடுவரை கொண்டுசெல்லல், குடிபெயர்க்கப்படுவோருக்குத் தொழிலும் பள்ளியும் தொலைவாகாத இடத்தில் வீடு தருதல் ஆகியனவே அவை. இவற்றுட் கடைசியானது கடினமானது. ஆகவேதான் அது எப்போதும் கடைசியிலேயே விடப்படுகின்றது. அடுத்த பெருமழையின் நீர் எங்கே தங்கவேண்டும் என்பது வரைபடங்களிலும் அனுமதிப் பத்திரங்களிலும் இன்றே தீர்மானிக்கப்பட்டு வருகின்றது. அத்தீர்மானம் எடுக்கப்படும் அவையிற் தாழ்நிலத்தாரும் பேசும் உரிமையுடையோராதல் வேண்டும்.